வண்டிக்கும் வேண்டும் பிழைதிருத்தம்

அச்சிட்ட நூலொன்றின் இறுதியிலே 'பிழைதிருத்தம்' என்னும் தலைப்பின்கீழ்ப் பக்கம், வரி, பிழை, திருத்தம் என நான்கு நிரல்கள் இருக்கக் கண்டால், அந்நூலை வாங்கியவர் வருந்துவதில்லை, நூலாசிரியரை இகழ்வதுமில்லை. 'இவர் தம் நூலை மீளவும் படித்திருக்கிறார். கண்ட பிழையை ஒளிக்காமற் சொல்லியிருக்கிறார்' என்று மதிப்பே மிகுகின்றது. பிழைதிருத்தப் பக்கம் இல்லாத நூல்களுட் பல மீளப் படிக்கப்படாத நூல்களே என்பது ஆசிரியத் தொழில் செய்வார் அனைவரும் அறிந்தது. ஆறுமுகநாவலர் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரம் நிறுவிச் சுத்தப் பதிப்புக்களை வெளியிட்ட நாடு இது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளோடு போராடித் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றியதை அறிந்த நாடு. பிழையைச் சொல்லித் திருத்துதல் புலமைக்கு அணி என்பதை எவரும் நமக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆயினும், ஏட்டுக்கு நாம் வழங்கிய இந்த நீதியை வீட்டு முற்றத்தில் நிற்கும் மோட்டார்ச் சைக்கிளுக்கு இன்னும் வழங்கவில்லை. இக்கட்டுரையின் முறைப்பாடு அதுவே.

மோட்டார்ச் சைக்கிளுக்குப் பிழைதிருத்தமா என்று வாசகர் நகைத்தல் கூடும். உலகில் அது நெடுங்காலமாக நடந்துவருகின்றது. அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றைக் கடல் கடந்து பக்கத்திலேயே காணலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட றோயல் என்ஃபீல்ட் நிறுவனம் 2021 மே மாதத்தில் ஓர் அறிவித்தல் விடுத்தது. கிளாசிக், புல்லற், மீற்றியோர் என்னும் மூவகை வண்டிகளில் 2,36,966 வண்டிகளைச் சோதனைக்காக அழைப்பதாக அந்த அறிவித்தல் கூறிற்று. எரிபற்றற் சுருளில் ஒரு குறை இருக்கக் கண்டதாகவும், அதனால் எஞ்சின் தடுமாறலாம், வலி குன்றலாம், அருகிய சமயங்களில் மின்னொழுக்கு நேரலாம் என்றும் நிறுவனமே சொல்லிற்று. வெளியார் ஒருவரிடம் 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை வாங்கிய ஒரு குறித்த தொகுதிப் பொருளிலே பிழை தோன்றியதென்றும், வழமையான உட்சோதனையின்போது அதனைக் கண்டதென்றும் விளக்கிற்று. இந்தியாவில் மட்டுமன்றித் தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மலேசியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் விற்ற வண்டிகளும் அந்த அழைப்பில் அடங்கின. அவற்றுள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைந்த வண்டிகளிலேயே உறுப்பை மாற்ற வேண்டியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். பத்தைத் திருத்தும்பொருட்டு நூற்றையும் அழைத்தார்கள்.

இந்த அழைப்புக்குத் தமிழிற் பெயர் என்ன? செய்தித்தாள்கள் 'திரும்பப் பெறுதல்' என்று எழுதுகின்றன. அச்சொல் எனக்கு உவப்பன்று. 'திரும்பப் பெற்றார்' என்றால், கொடுத்த பொருளை மீள வாங்கிக்கொண்டார் என்பதே நேர்பொருள். தவணைக்கு வண்டி எடுத்த ஒருவர் இத்தலைப்பைப் படித்தால், 'என் வண்டியையும் கொண்டுபோய்விடுவார்களோ' என்று அஞ்சி, அதனை உள்ளே பூட்டி வைப்பாரேயன்றி வெளியே கொண்டுபோகார். நிகழ்வதோ வேறு. வண்டி உடையவருடையதே, ஆக்கியோன் அதனை அழைத்து, பார்த்து, பழுதான உறுப்பைக் கூலியின்றி மாற்றி, உடையவரிடமே ஒப்படைக்கின்றான். ஆதலால் 'மீளழைப்பு' என்பதே பொருந்திய சொல் என்பது என் கருத்து. சொல் பிழைத்தாற் செயலும் பிழைக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

இனி, இந்தச் சுருள் என்பது யாது என்று சிறிது அறிந்துகொள்வோம். நம்மூர்க் கராச்சுக்காரர் இதனைக் 'கொயில்' என்பர். வண்டியின் பற்றறி தருவது பன்னிரண்டு வோற்று மின்சாரம். பிளக்கின் முனையிலே பொறி பாய்ந்து பெற்றோல் ஆவி பற்றவேண்டுமானால் பல்லாயிரம் வோற்று வேண்டும். தடித்த கம்பி சில சுற்றும், மயிர்போன்ற மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்றுமாக அமைந்த இந்தச் சுருளே அச்சிறிய அழுத்தத்தைப் பேரழுத்தமாக உயர்த்துகின்றது. மெல்லிய கம்பியின் மேற்பூச்சு வெப்பத்தால் ஓரிடத்தில் விண்டுவிட்டாற் போதும். பொறி வலி குன்றும். இதிலே ஒரு வஞ்சகம் உண்டு. குளிர்ந்த நேரத்தில் வண்டி ஒழுங்காக ஓடும். சூடேறியதும் திக்கித் திக்கி நிற்கும். அரைமணி நேரம் நிழலில் விட்டால் மீண்டும் ஓடும். கராச்சுக்குக் கொண்டுபோகும் நேரத்தில் அது நல்ல பிள்ளையாக நிற்கும்.

உடையவர் என்ன செய்வார்? முதலிற் பிளக்கை மாற்றுவார். பின்னர் பெற்றோலில் நீர் கலந்ததென்று தாங்கியைக் கழுவுவார். அடுத்துக் காபரேற்றரைப் பிரிப்பார். அதற்கடுத்துப் பற்றறி மாற்றுவார். கொயிலின் முறை வருவதற்குள் ஒரு மாதச் சம்பளத்தின் நல்ல பகுதி போய்விடும். நன்னூலார் நூற்குரிய குற்றங்கள் பத்தென வகுத்தார். அவற்றுட் 'சென்றுதேய்ந்திறுதல்' என்பது ஒன்று. 'நின்று பயனின்மை' என்பது மற்றொன்று. அவ்விரண்டும் மோட்டார்ச் சைக்கிளுக்கே வகுத்தனவோ என்று, பருத்தித்துறை வீதியில் வண்டியை உருட்டிச் செல்லும் ஒருவரைக் காணுந்தோறும் எனக்குத் தோன்றும்.

இவ்வாறு அலைந்தவர் இறுதியிற் சொல்லும் சொல் ஒன்றுண்டு: 'விதி.' நம் மொழியில் விதி என்னும் சொல்லுக்கு இருபொருள். ஊழும் விதி; இலக்கணமும் விதி. ஒருவருக்கு ஒருமுறை நேர்ந்தால் அதனை ஊழென்று விட்டுவிடலாம். ஒரே வகை வண்டியில், ஒரே உறுப்பில், ஒரே முறையிற் பலர்க்கு நேர்ந்தால் அஃது இலக்கணம். காரணம் கண்டு சூத்திரம் செய்ய வேண்டிய இடம். ஆனால் தனியொருவர் தம் வண்டி ஒன்றையே காண்கிறார். ஆதலால் அவர்க்கு ஊழ் மட்டுமே தெரிகின்றது. இலக்கணத்தைக் காணும் இடத்தில் இருப்பவன் ஆக்கியோன். அவனுக்கு அடுத்து இருப்பவன் விற்போன்.

ஏட்டுச்சுவடி ஒப்புநோக்கிப் பழகினோர்க்கு இது புதிய செய்தியன்று. ஒரு நூலின் ஐந்து ஏடுகள் நம் கைக்கு வந்தன என்று கொள்வோம். ஓர் ஏட்டில் மட்டும் ஒரு சீர் பிழைத்திருந்தால் அதனை எழுதியவன் கைப்பிழை என்று தள்ளிவிடுவோம். ஐந்து ஏட்டிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், எழுதினோரைக் குறை கூறுதல் தகாது. அவ்வைந்துக்கும் தாயாகிய ஏடொன்று இருந்தது. பிழை அதிலே பிறந்தது என்று துணிவோம். இத்துணிவுக்கு வேண்டுவது ஒன்றே: ஏடுகளை ஓரிடத்தில் வைத்து ஒப்பிடுதல். ஓரேட்டை மட்டும் வைத்துக்கொண்டு எத்துணைப் புலவரும் இதனைக் கண்டுபிடித்தல் அரிது.

எங்கள் கல்லூரியின் ஆசிரியர் அறையில் இவ்வுண்மை ஒருமுறை வெளிப்பட்டது. யானும், கணிதம் கற்பிப்பவரும், வடமொழி கற்பிப்பவரும் ஓராண்டிலே, ஒரு கடையிலே, ஒரே வகை வண்டி வாங்கியிருந்தோம். எனது வண்டி ஓடும்போதே அணைந்துபோகும். வடமொழி ஆசிரியருடையதில் முன்விளக்குக் கெட்டுக் கெட்டு எரியும்; அவர் தமக்கு ஏழரைச் சனி என்று நம்பித் திருநள்ளாறு போகவேண்டுமென்று சொல்லிக்கொண்டிருந்தார். கணித ஆசிரியர் தீவகத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து வருபவர். கடற்காற்றே தம் வண்டியைக் கெடுத்ததென்பது அவர் துணிவு. மூவரும் தனித்தனியே கடைக்குப் போயிருந்தோம். மூவருக்கும் ஒரே மறுமொழி கிடைத்திருந்தது: "மாஸ்ரர், இது கம்பனிப் பிழை இல்லை, உங்கட பாவனைதான்."

ஒரு மழைநாளில், பாடவேளை ஒழிந்திருந்தபோது, கணித ஆசிரியர் தற்செயலாகச் சொன்னார்: "கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினாற்றான் நிற்குது." மற்றையோர் இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். எமக்கும் அவ்வாறே. அன்று மாலை சுன்னாகத்திலுள்ள ஒரு கராச்சில் மூன்று வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி, கழுத்துப் பகுதியைப் பிரித்துப் பார்த்தோம். கைப்பிடி திரும்பும் இடத்திலே கம்பித்தொகுதி இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. திருப்புந்தோறும் அஃது ஒரே புள்ளியில் மடிந்து மடிந்து, மேலுறை நன்றாக இருக்க, உள்ளே செப்பிழைகள் அறுந்திருந்தன. மூன்று ஏட்டிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை. தாயேட்டின் குற்றம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மறுவாரம் மூவரும் ஒருங்கு சென்றோம். தனித்தனியே சென்றபோது 'பாவனை' என்றவர் இம்முறை நாற்காலி தந்து, "மேலிடத்துக்கு அறிவிக்கிறோம்" என்றார். ஏறத்தாழ இரண்டு மாதம் கழிந்தபின் மூன்று வண்டிகளுக்கும் கம்பித்தொகுதி கூலியின்றி மாற்றப்பட்டது. எமது குறை தீர்ந்தது. ஆனால் அதன்பின்னும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. அவ்வாண்டில் அக்கடையில் அவ்வகை வண்டி வாங்கியோர் நாம் மூவர் மட்டுமோ? ஏனையோர்க்கு என்ன அறிவித்தல் போயிற்று என்று யான் வினவினேன். "வந்து சொல்லுற ஆக்களுக்குச் செய்து குடுப்பம்" என்பது மறுமொழி. வந்து சொல்லாதவர் யார்? அதிகாலையிற் பிள்ளையைப் பின்னால் இருத்திக்கொண்டு ஆள்நடமாட்டமில்லாத வீதியிற் செல்லும் தாய் ஒருத்தியாக இருக்கலாம். முன்விளக்கு அணையும் அந்தக் கணத்தில் எதிரே ஒரு லொறி வரலாம். வாய் உள்ளவனுக்கு மட்டும் செய்யும் திருத்தம் நீதியாகாது. நூலின் பிழைதிருத்தத்தை அச்சகத்துக்கு வந்து கேட்பவருக்கு மட்டும் காதிற் சொல்வது போன்றது அது.

இவ்விடத்தில் நம்மவரின் ஒரு பெருமையையும், அப்பெருமையின் நிழலையும் பேச வேண்டும். பழுது பார்ப்பதில் யாழ்ப்பாணத்தாரை வெல்வார் அரியர். 1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின், பொருளாதாரத் தடையால் இங்கே பெற்றோல் பெறுதற்கரிய பொருளாயிற்று. மோட்டார்ச் சைக்கிள்களையும் பழைய கார்களையும் நம் தொழிலாளர் மண்ணெண்ணெயில் ஓடவைத்தனர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதிற் பற்றாது. ஆகையாற் சிறு குப்பியிற் பொத்திவைத்த சில துளி பெற்றோலை விட்டு உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். கரி பிடித்த பிளக்கைக் கழற்றித் துடைப்பது அன்றாடக் கடன். மின்சாரம் இல்லாத அந்நாட்களிற் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். இல்லாமையை அறிவால் வென்ற அந்தக் காலத்தை எண்ணும்போது நெஞ்சு நிமிர்கின்றது.

அந்தக் கைத்திறனே இன்று நம் வாயை அடைக்கின்றது என்பதுதான் வியப்பு. அன்று கேட்பதற்கு ஆள் இல்லை. ஆகவே நாமே செய்தோம். இன்று விற்பவன் இருக்கிறான், முகவன் இருக்கிறான், உத்தரவாதப் பத்திரம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. இருந்தும், பழுது நேர்ந்தவுடன் கராச்சுக்கு ஓடுகிறோம், கராச்சுக்காரரும் ஒரு துண்டுக் கம்பியும் சிறிது நாடாவும் கொண்டு வழி செய்துவிடுகிறார், வண்டி ஓடுகின்றது, பிழை மறைகின்றது. ஆக்கியோன் காதுக்கு ஒரு சொல்லும் எட்டுவதில்லை. அவன் அடுத்த ஆயிரம் வண்டிகளையும் அவ்வாறே கட்டி அனுப்புகிறான். ஏட்டில் கண்ட பிழையைத் தன் படியில் மட்டும் திருத்திக்கொண்டு, தாயேட்டை அப்படியே விட்டவனை நல்ல பதிப்பாசிரியன் என்று சொல்வோமா?

மறுபக்கத்து நியாயத்தையும் கேட்கவேண்டும். விற்போர் சொல்லும் 'பாவனை' முழுவதும் பொய்யன்று. நமது நாடு மூன்று பக்கமும் கடல் சூழ்ந்தது, நடுவிலும் உப்பாறு. உப்புக்காற்றுப் படும் செப்புக்கம்பி பச்சைக் களிம்பு பூக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஒழுங்கைகளில் முழங்கால் அளவு வெள்ளம் நிற்கும். அதற்குள்ளே வண்டியைச் செலுத்திவிட்டு எஞ்சினைப் பழித்தல் முறையன்று. வாங்கிய மறுநாளே வண்ண விளக்கும் பெருங்குழலும் பூட்டி, பியூஸ் இல்லாமல் நேரே பற்றறியிற் கம்பி முடிவோரும் உளர். விலை மலிவென்று போலி உறுப்பு வாங்கிப் பூட்டுவோரும் உளர். இருவர்க்கென ஆக்கிய வண்டியில் நால்வர் செல்லும் காட்சி நாம் நாள்தோறும் காண்பது. இவற்றுக்கு ஆக்கியோன் பொறுப்பாகான்.

ஆயினும், எது ஊரின் பிழை, எது உடையவர் பிழை, எது ஆக்கியோன் பிழை என்று பிரித்தறிவது எப்படி? இங்கும் ஒப்புநோக்கலே வழி. யாழ்ப்பாணத்து வண்டியிற் கண்ட பழுது மாத்தளையிலும் கண்டியிலும் காணப்படுமானால், மலைநாட்டில் உப்புக்காற்று ஏது? கூடுதல் விளக்குப் பூட்டாத வண்டியிலும் அப்பழுது உண்டாயின், விளக்கைக் குற்றம் சொல்வது எங்ஙனம்? ஒப்பிட்டுப் பார்க்க அஞ்சுவோன் எவனோ அவன் பக்கமே ஐயம் சாரும்.

மழையைப் பற்றிச் சொன்னேன். 2024 யூலையில் இந்தியாவில் சுசுக்கி நிறுவனம் 2022ஆம் ஆண்டில் ஆக்கிய ஏறத்தாழ 3,88,000 ஸ்கூட்டர்களை மீளழைத்தது. அக்செஸ், அவெனிஸ், பேர்க்மன் என்பன அவற்றின் வகை. சுருளிலிருந்து பிளக்குக்குச் செல்லும் உயரழுத்தக் கம்பி, எஞ்சின் இயங்கும்போது மடிந்து மடிந்து வெடிக்கக்கூடும் என்பதும், வெடித்த இடத்தில் நீர் பட்டால் மின்சாரம் ஒழுகும் என்பதும் காரணங்கள். எங்கோ ஓர் ஊரில் ஒரு கார்த்திகை மழையில் நின்றுபோன ஸ்கூட்டரின் உடையவர், 'மழைக்குள் ஓடியது என் குற்றம்' என்றே எண்ணியிருப்பார். மழை காரணமன்று, மழை வெளிப்படுத்திய பிழையே காரணம்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். ஐக்கிய அமெரிக்காவில் 1965இல் ரால்ஃப் நேடர் என்பவர் மோட்டார் வண்டிகளின் அமைப்பிலுள்ள ஆபத்துக்களை எடுத்துக்காட்டி ஒரு நூல் எழுதினார். அடுத்த ஆண்டே, 1966இல், வண்டிகளின் பாதுகாப்புக்கென அந்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது; பழுதை உடையவர்க்கு அறிவிக்கும் கடமை ஆக்கியோனைச் சார்ந்தது. இந்தியாவில் 2012 முதல் நிறுவனங்கள் தாமாக முன்வந்து அழைக்கும் ஒழுங்கு ஏற்பட்டது. பின்னர் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், அழைக்கும்படி கட்டளையிடும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கிற்று. 2021 ஏப்ரல் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஏழாண்டுக்கு உட்பட்ட வண்டிகளின் விடயத்திற் கட்டளையை மீறுவோர்க்கு 10 இலட்சம் முதல் ஒரு கோடி ரூபா வரை தண்டம் உண்டு. அச்சட்டத்திற் கருதத்தக்க செய்தி ஒன்றுளது. ஒருவகை வண்டியை உடையவருட் குறித்த வீதத்தினர் ஒரே பழுதை முறையிட்டால் அரசு தலையிடலாம். ஐந்து ஏட்டை ஒப்பிட்டுத் தாயேட்டின் பிழை காணும் முறைதான் அங்கே சட்டமாகியிருக்கின்றது.

நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். பலமுறை திருத்தப்பட்டதாயினும், அதன் அடித்தளம் எழுபது ஆண்டுக்கு முற்பட்டது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தாற் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை அமைந்தது; பொருள் வாங்கி ஏமாந்தோர் அங்கே முறையிடலாம். ஆனால் தனியொருவரின் முறைப்பாடு தனியொருவரின் முறைப்பாடாகவே தீர்க்கப்படுகின்றது. மீளழைப்புக்கென இறக்குமதியாளரைக் கட்டுப்படுத்தும் தெளிவான விதிகள் நமக்கு வேண்டும். அயல்நாட்டில் ஒருவகை வண்டி அழைக்கப்பட்டால், அவ்வகை இங்கும் விற்கப்பட்டதோ என்று இறக்குமதியாளர் குறித்த நாட்களுக்குள் மறுமொழி சொல்லவேண்டும். மறுமொழி தமிழிலும் சிங்களத்திலும் வெளிவரவேண்டும்.

சட்டம் வந்தாலும் கடிதம் யாருக்குப் போகும்? மீளழைப்பு என்பது அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு, பதிவிலுள்ள பெயரைக் கண்டு அனுப்பப்படுவது. நம்மிடையே பழைய வண்டி விற்கும்போது உரிமை மாற்றப் பத்திரத்தில் விற்றவர் கையெழுத்து மட்டும் இட்டுக் கொடுப்பதும், வாங்கியவர் தம் பெயரைப் பதியாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுவதும் வழக்கமாகிவிட்டது. 'ஓப்பின் பேப்பர்' என்று அதற்கொரு பெயரும் உண்டு. கைமாறிக் கைமாறி நால்வரைக் கடந்த வண்டிக்கு வரும் கடிதம் முதல்வர் வீட்டுப் படலையில் தொங்கும். முதல்வர் கனடாவில் இருப்பார். தவணைக் கம்பனியிடம் வண்டி எடுத்தவர்க்கோ முற்றுரிமை அக்கம்பனியின் பெயரில் இருக்கும். வண்டி கராச்சில் நின்றாலும் தவணை நிற்பதில்லை. ஆனால் வண்டியைப் பற்றிய அறிவித்தல் மட்டும் அவரிடம் வந்து சேர்வதில்லை. பெயர் பதியாமல் விடுவது சிறு செலவை மிச்சம் பிடிக்கும். ஒருநாள் பெரும் செலவை, சிலவேளை உயிரையும், கேட்கும்.

இவற்றை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வண்டி இறக்குமதி, படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வண்டிகளுக்கும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த வண்டியையே ஒட்டுப்போட்டு ஓட்டினோம். இனிப் புதியன வரும். மின்சாரத்தால் ஓடும் ஸ்கூட்டர்களும் வரும். 2022 மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்தியாவின் பல இடங்களில் அத்தகைய ஸ்கூட்டர்கள் தீப்பற்றின. வேலூரில் ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வேப்ரலில் ஒக்கினாவா நிறுவனம் 3,215 வண்டிகளையும், ஓலா நிறுவனம் 1,441 வண்டிகளையும் சோதனைக்கு அழைத்தன. பெற்றோல் வண்டியின் பழுதை நம் கராச்சுக்காரர் கண்ணாலும் காதாலும் அறிவர். மூடி முத்திரையிட்ட மின்கலத்தின் உள்ளே நிகழ்வதை எந்தக் காதால் அறிவது? கைத்திறன் தோற்கும் இடம் அது. அங்கே ஆக்கியோனின் வாய்மை ஒன்றே துணை.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டுமென்பதில்லை. பெருஞ்செலவில்லாத ஒரு காரியத்தை முன்வைக்கின்றேன். குடாநாட்டுக் கராச்சு ஒவ்வொன்றிலும் ஒரு கொப்பி இருக்கட்டும். வண்டியின் வகை, ஆண்டு, ஓடிய கிலோமீற்றர், பழுதான உறுப்பு, பழுது வெளிப்பட்ட விதம் என ஐந்து நிரல் போதும். உடையவர் பெயர் வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுன்னாகத்தவரும், சாவகச்சேரியவரும், பருத்தித்துறையவரும், வேலணையவரும் ஓரிடத்திற் கூடி அக்கொப்பிகளை ஒப்புநோக்கட்டும். ஒரே உறுப்புப் பல கொப்பியில் தோன்றினால், அதனைத் தொகுத்து இறக்குமதியாளருக்கும் அதிகாரசபைக்கும் எழுதட்டும். எழுதிக் கொடுக்கும் வேலையை ஊர் வாசிகசாலைகளும் ஆசிரியர்களும் ஏற்கலாம். மனு எழுதப் பழக்குவது மொழிப் பாடத்தின் ஒரு பகுதியே. கற்பனை மனுக்களை எழுதிக் களைத்த மாணவர்க்கு மெய்யான மனு ஒன்றை எழுதும் வாய்ப்பாகவும் அமையும். எண்ணெய்க் கறை படிந்த அக்கொப்பிகள், நூல்நிலையத்து அலுமாரியில் உறங்கும் பல ஏடுகளைக் காட்டிலும் உயிர்காக்கும் ஏடுகளாகும்.

விற்போர்க்கும் ஒரு சொல். மீளழைத்தாற் பெயர் கெடும் என்று அஞ்சுகிறீர்கள். இலட்சக்கணக்கில் அழைத்த நிறுவனங்கள் அழிந்துபோகவில்லை. அவற்றின் வண்டிகள் இன்றும் விற்கின்றன. பிழை இல்லாதவன் என்று எவனையும் உலகம் நம்புவதில்லை. பிழை நேர்ந்தால் நமக்குச் சொல்லுவான் என்று நம்பக்கூடியவனையே தேடுகின்றது. வாங்குவோராகிய நாமும் கடையிற் கேட்கும் வினாவைச் சிறிது மாற்றிக்கொள்ளலாம். 'எத்தனை கிலோமீற்றர் ஓடும்?' என்று கேட்கிறோம், 'முற்பணம் எவ்வளவு?' என்று கேட்கிறோம். 'இதில் ஒரு பிழை பின்னர் தெரியவந்தால் எனக்கு எப்படி அறிவிப்பீர்கள்?' என்று மூன்றாவதாக ஒன்றையும் கேட்போம். அவ்வினாவுக்கு முகம் கோணாமல் மறுமொழி சொல்லும் கடையிலேயே வண்டி வாங்குவோம்.